முன்வரிசை

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒன்பதாம் நாள் இரவு கச்சேரி நடக்கும். டிக்கெட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து மணலில் துண்டை விரித்து உட்காரலாம். ஆனாலும் மேடைக்கு நேர் எதிரே பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருக்கும். அவற்றில் தர்மகர்த்தா குடும்பமும், தாசில்தார் வீட்டுக்காரர்களும், உரக்கடை முதலாளியும் வீற்றிருப்பார்கள். பந்தல்கால் நட்டவர்களும் தேர்வடம் பிடித்தவர்களும் பின்னால் இருந்து தலையை நீட்டிப் பார்ப்பார்கள். சிறு வயதில் நான், "பாட்டி, நாமும் முன்னால் போய் உட்காரலாமே" என்று கேட்டேன். "பாட்டுத்தாண்டா எல்லாருக்கும் பொது. நாற்காலி பொது இல்லை" என்றாள் அவள்.

பாட்டி சொன்ன அந்தச் சொல் பல வருஷங்களுக்குப் பிறகு, பல்லாயிரம் மைலுக்கு அப்பால், வாஷிங்டன் நகரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

2014ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி. முதல் உலக யுத்தம் 1918இல் ஓய்ந்த நாள் அது. யுத்தத்துக்குப் போய் வந்தவர்களைக் கௌரவிக்கும் நாளாக அமெரிக்காவில் கொண்டாடுகிறார்கள். அன்று மாலை நகரத்தின் நடுவே உள்ள நீண்ட புல்வெளியில் ஒரு பெரிய ராக் சங்கீதக் கச்சேரி. காப்பிக் கடைக் கம்பெனி ஒன்றும், டெலிவிஷன் கம்பெனி ஒன்றும், பாங்கு ஒன்றும் சேர்ந்து செலவை ஏற்றுக்கொண்டிருந்தன. வர்ஜீனியாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் வீட்டில் அப்போது தங்கியிருந்தேன். "மாமா, காலணா கொடுக்க வேண்டாம். எல்லாம் இலவசம். வாருங்கள்" என்று அவன் அழைத்துப் போனான்.

மேடை காபிடல் கட்டடத்தின் பக்கம் இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், பாடுகிறவர் விரல் அளவுகூடத் தெரியவில்லை. ஆங்காங்கே நிறுத்தியிருந்த பெரிய திரைகளில்தான் அவரைக் கண்டோம். லட்சக்கணக்கில் ஜனங்கள். எனக்கு அந்தச் சங்கீதம் அவ்வளவாகப் பழக்கமில்லை. கிதார் ஒலி நெஞ்சில் வந்து இடித்தது. ஆகவே நான் மேடையை விட்டுவிட்டு ஜனங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு கெட்ட வழக்கம்.

எனக்குப் பக்கத்தில் ஓர் இளம் பெண் நின்றிருந்தாள். நாலு வயசுப் பையனைத் தோளில் தூக்கி வைத்திருந்தாள். சத்தம் தாக்காமல் இருக்க அவன் காதுகளில் பெரிய மூடிகள். அவளுடைய புருஷன் ஆப்கானிஸ்தானத்தில் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் செய்த காரியம் ஒன்று எனக்குப் புரியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, சிப்பாய்களுக்கு இலவசக் கச்சேரி வைக்கும் இந்த வழக்கத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். யார் பாடினார்கள் என்பதை எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

1940இல் அமெரிக்க சர்க்கார் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது அந்த நாடு யுத்தத்தில் இறங்கவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கான வாலிபர்கள் வீட்டை விட்டு முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பகலெல்லாம் கவாத்து. சாயங்காலம் ஆனால் போக்கிடம் இல்லை. பக்கத்துச் சிற்றூரில் சாராயக் கடைதான் உண்டு. இதைக் கண்ட ஜனாதிபதி ரூஸ்வெல்ட், இந்த வாலிபர்களின் ஓய்வு நேரத்தைத் தர்ம ஸ்தாபனங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்பினார். ஆறு ஸ்தாபனங்கள் ஒன்றுசேர்ந்தன. கிறிஸ்தவ வாலிபர் சங்கமும், கத்தோலிக்கர்களின் சங்கமும், யூதர்களின் சங்கமும் அவற்றில் அடக்கம். 1941 பிப்ரவரி 4ஆம் தேதி யு.எஸ்.ஓ. என்ற அமைப்பு பிறந்தது. அதை நடத்துவதற்கான பணம் ஜனங்கள் கொடுத்த நன்கொடை.

அதே ஆண்டு மே 6ஆம் தேதி பாப் ஹோப் என்ற ஹாஸ்ய நடிகர், கலிபோர்னியாவில் மார்ச் ஃபீல்ட் என்னும் விமானத் தளத்துக்குப் போய்த் தம் ரேடியோ நிகழ்ச்சியை நடத்தினார். ஏங்கிக் கிடந்த வாலிபர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹாஸ்யக்காரனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அன்று போன மனிதர் ஐம்பது ஆண்டுக் காலம் யுத்தத்துக்கு யுத்தம் போய்க்கொண்டே இருந்தார். பட்டாளத்தில் ஒருநாள்கூடச் சேவகம் பண்ணாத அவரை, 1997இல் அமெரிக்கக் காங்கிரஸ் கௌரவப் படைவீரர் என்று தீர்மானம் போட்டு மரியாதை செய்தது.

இங்கிலாந்தில் இதற்கு முன்பே, 1939இல், என்ஸா என்ற அமைப்பு தோன்றியிருந்தது. அதன் பெயரிலுள்ள நாலு எழுத்துக்குச் சிப்பாய்கள் வேறு விரிவு சொல்லிக் கேலி செய்தார்கள். "ராத்திரிக்கு ராத்திரி ஏதோ ஒரு கொடுமை" என்று அதற்கு அர்த்தம். ஓசியில் கிடைத்தாலும் மட்டமானதை மட்டம் என்று சொல்லப் பின்வரிசைக்காரன் தயங்குவதில்லை.

முன்வரிசைக்குப் பிடித்த பாட்டு ஒன்று, பின்வரிசைக்குப் பிடித்த பாட்டு வேறொன்று என்பதும் அந்த யுத்தத்தில்தான் நன்றாகத் தெரியவந்தது. வேரா லின் என்ற பாடகி, லண்டனில் குழாய் வேலை செய்தவரின் மகள். பிரிந்தவர்கள் மறுபடி சந்திப்பதைப் பற்றி அவர் பாடிய பாட்டுகளுக்குச் சிப்பாய்கள் உருகினார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. இப்படி உருகினால் இவன் எப்படிச் சண்டை போடுவான்? 1942இல் பி.பி.ஸி. ரேடியோ, அழுகுணிப் பாட்டுகளைக் குறைத்து, உற்சாகமான பாட்டுகளைப் போட வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. ஆனால் வேரா லின் 1944இல் இந்தியா வழியாகப் பர்மா முனைக்கே போய், காட்டு முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அதே பாட்டுகளைப் பாடினார். கேட்டவர்கள் சண்டையை விட்டு ஓடிவிடவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு மனிதனைக் கோழையாக்குவதில்லை. அது இருப்பதால்தான் அவன் உயிரோடு இருக்கப் பார்க்கிறான்.

நாற்காலி விவகாரத்தின் உச்சத்தை லீனா ஹார்ன் கண்டார். அவர் கறுப்பினத்துப் பாடகி, சினிமா நட்சத்திரம். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் வெள்ளையருக்குத் தனிப் பிரிவு, கறுப்பருக்குத் தனிப் பிரிவு. கச்சேரியும் அப்படியே. தெற்கே ஒரு முகாமில் கறுப்புச் சிப்பாய்களுக்காகப் பாட வந்தார் லீனா. மேடையில் ஏறிப் பார்த்தால், முன்வரிசையில் வெள்ளைக்காரர்கள்! யார் என்று விசாரித்தார். ஜெர்மன் யுத்தக் கைதிகளாம். சொந்த நாட்டுச் சிப்பாய்களை அவர்களுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். எந்தப் பகைவனோடு சண்டை போட அவர்களைத் திரட்டினார்களோ அந்தப் பகைவனுக்கு முன்னிடம். காரணம் தோலின் நிறம்.

லீனா மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையைக் கடந்து பின்னால் போனார். ஜெர்மானியருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம் மக்களின் முகத்தைப் பார்த்துப் பாடினார்.

இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். நாற்காலியை மாற்றிப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவர் நிற்கும் இடத்தை அவர் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? அவர் நின்ற இடம் மேடையாயிற்று, பின்வரிசை முன்வரிசையாயிற்று. பட்டாளத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948இல்.

பிறகு வியட்நாம் வந்தது. பாப் ஹோப் 1964 முதல் 1972 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே போனார். ஆனால் எதிரே இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். பத்தொன்பது, இருபது வயசுப் பையன்கள். அவர்கள் காதில் ஒலித்தது ராக் சங்கீதமும், கறுப்பினத்தாரின் ஸோல் சங்கீதமும். 1968 ஜூனில் ஜேம்ஸ் பிரௌன் போய்ப் பாடினார். பெரிய நட்சத்திரங்கள் வராத நாட்களில், பிலிப்பைன்ஸ் நாட்டு வாத்திய கோஷ்டிகள் முகாம் முகாமாகச் சென்று புகழ்பெற்ற பாட்டுகளை அப்படியே வாசித்துக் காட்டின. எந்தக் கோஷ்டி வந்தாலும் சிப்பாய்கள் ஒரு பாட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கினார்கள். அனிமல்ஸ் என்ற ஆங்கிலேயக் கோஷ்டி 1965இல் வெளியிட்ட பாட்டு அது. இந்த இடத்தை விட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்பதுதான் அதன் பல்லவி. உண்மையில் அது ஓர் ஏழைப் பேட்டையில் சிக்கிக்கொண்ட காதலர்களைப் பற்றியது. யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையன்கள் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டு, தொண்டை கிழியச் சேர்ந்து பாடினார்கள். பாட்டைக் கொடுக்கிறவன் ஒன்றை நினைத்துக் கொடுப்பான். வாங்குகிறவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான்.

1973இல் கட்டாய ராணுவ சேவை நின்றது. அதன் பிறகு விரும்பிச் சேர்ந்தவர்களே சிப்பாய்கள். மாதச் சம்பளத்துக்குப் பல ஆண்டு வேலை செய்கிறவனுக்குக் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். "உனக்குப் பெண்டாட்டி வேண்டும் என்று ராணுவம் நினைத்திருந்தால், உடுப்போடு சேர்த்து அவளையும் கொடுத்திருக்கும்" என்று அந்தப் பட்டாளத்தில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சு இனிச் செல்லாது என்றாகிவிட்டது. இன்று அமெரிக்காவில் முழுநேரச் சேவையில் உள்ள சிப்பாய்களைவிட அவர்களுடைய குடும்பத்தாரின் எண்ணிக்கை அதிகம்.

இந்த இடத்தில் எனக்கு நப்பூதனார் நினைவுக்கு வருகிறார். முல்லைப்பாட்டு 103 அடிதான். அதற்குள் பாசறையும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. பாசறையில் அரசன், புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணித் தூக்கம் இல்லாமல் கிடக்கிறான். வீட்டில் அரசி, மழையைப் பார்த்துக்கொண்டு, அவன் வருகிற ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள். யுத்தம் இரண்டு இடத்தில் நடக்கிறது என்று அந்தக் கவி என்றோ சொல்லிவிட்டார். கச்சேரி வைக்கிறவர்களுக்கு அது உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

உறைத்தவர்களில் ஒருவர் காரி ஸினீஸ் என்ற நடிகர். 1994இல் வந்த 'ஃபாரஸ்ட் கம்ப்' சினிமாவில், வியட்நாமில் இரண்டு கால்களையும் இழந்த லெப்டினண்ட் டேன் என்னும் அதிகாரியாக நடித்தார். 2003இல் அவர் சிப்பாய்களைப் பார்க்கப் போனபோது, பலருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியவில்லை. "லெப்டினண்ட் டேன்!" என்றே கூப்பிட்டார்கள். வியட்நாமில் பணியாற்றிய கிமோ வில்லியம்ஸ் என்ற சங்கீதக்காரரோடு சேர்ந்து ஒரு ராக் கோஷ்டி அமைத்தபோது அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார். அவர் வாசிப்பது பேஸ் கிதார். மற்றவர்கள் பாடிப் பிரபலமான பாட்டுகளையே பெரும்பாலும் வாசிக்கிறார்கள். போர்முனைக்கு மட்டும் அல்ல. உள்நாட்டுத் தளங்களுக்கும் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறார்கள். அங்கே புல்தரையில் ஜமக்காளம் விரித்து மனைவிமார் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் மேடைக்கு முன்னால் குதித்து ஆடுகின்றன. அங்கே முன்வரிசை குழந்தைகளுடையது.

இனி வாஷிங்டன் புல்வெளிக்கு வருகிறேன். அன்று புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முதலானோர் சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையும் பதவியில் இருப்பவரின் பிள்ளையும் யுத்தத்துக்குப் போகாமல் தப்பிக்கொள்ள, ஏழைப் பிள்ளை போகிறான் என்று குத்திக் காட்டுகிற பாட்டு. அதை எழுதி 1969இல் வெளியிட்ட ஜான் ஃபோகர்ட்டி தாமே பட்டாளத்தில் இருந்தவர். மறுநாள் பெரிய சர்ச்சை. சிப்பாய்களைக் கௌரவிக்கும் இடத்தில் இப்படியொரு பாட்டா என்று சிலர் கோபித்தார்கள். யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பற்றிய பாட்டை அந்தக் கூட்டத்தில் பாடாமல் வேறு எங்கே பாடுவது என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவள் டெலிபோனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த ஆயிரம் டெலிபோன்களும் திரையைப் பார்த்திருக்க, அவளுடையது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. தோளில் இருந்த பையனின் முகத்தையே அது பார்த்துக்கொண்டிருந்தது. திரையின் வெளிச்சம் அந்த முகத்தில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி விழுந்தது.

"கச்சேரியைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அவருக்கு அங்கே விடியற்காலை ஐந்தரை மணி. எழுந்ததும் அனுப்புவேன்" என்றாள். பிறகு, "பாட்டு அவருக்கு எங்கும் கிடைக்கும்" என்றாள்.

பையன் வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய கூட்டத்தில் முன்வரிசை எங்கே இருந்தது என்று பாட்டி இப்போது கேட்டால், நான் சொல்லிவிடுவேன்.