எக்ஸ்சேஞ்ச் சந்தின் காப்பிக் கடைகளும் முதலீட்டாளர் அரட்டையும்

எக்ஸ்சேஞ்ச் சந்து என்பது இலண்டன் மாநகரின் பழைய வணிகப் பகுதியில், கார்ன்ஹில் தெருவுக்கும் லம்பார்டு தெருவுக்கும் இடையே உள்ள குறுகிய சந்துகளின் தொகுதியாகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1773 வரை இங்கிலாந்தில் பங்கு வணிகத்திற்கென்று தனிக் கட்டடம் எதுவும் இல்லை. இச்சந்தில் இருந்த ஜோனதன், கேரவே என்னும் இரண்டு காப்பிக் கடைகளே பங்குச்சந்தையாக விளங்கின. அங்கு வந்தவர்கள் நாள் முழுவதும் பங்குகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கவில்லை. போர், கப்பல், அரண்மனைச் செய்தி, அண்டை வீட்டாரின் கடன், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகளுக்குத் திருமணம் என எல்லாமே பேசப்பட்டன. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் விலையேற்றத்தையும் வீழ்ச்சியையும் விரிவாக எழுதுகின்றன. இந்த வேலையற்ற பேச்சை ஒரு வரியில் கடந்து விடுகின்றன. ஆனால் அப்பேச்சு இல்லாமல் அந்தச் சந்தை நடந்திருக்க முடியாது.

காப்பிக் கடைகளின் தோற்றம்

இலண்டனின் முதல் காப்பிக் கடையை 1652இல் கார்ன்ஹில் அருகேயுள்ள புனித மைக்கேல் சந்தில் பாஸ்குவா ரோசே என்பவர் தொடங்கினார். இவர் துருக்கி நாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஓர் ஆங்கில வணிகரின் பணியாளர். அதன் பின் சில பத்தாண்டுகளில் நகரெங்கும் இத்தகைய கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே சென்று அமரலாம். செய்தித்தாள் படிக்கலாம், விரும்பிய நேரம் வரை பேசிக்கொண்டிருக்கலாம். பிரபுவும் கடைக்காரரும் ஒரே மேசையில் அமர்வது அக்காலத்தில் வேறு இடங்களில் எளிதில் காண முடியாத காட்சி. எனினும் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆண்களே என்பதை மறந்துவிடக் கூடாது. பங்கு வைத்திருந்த பெண்கள் பலர் இருந்தும், இந்த மேசைகளைச் சுற்றி அவர்களுக்கு இடமில்லை.

மதுக்கடையில் பேசுபவன் குடித்து உளறுகிறான், காப்பிக் கடையில் பேசுபவனோ தெளிவாகப் பேசுகிறான். அரசுக்கு இதுவே கவலை தந்தது. 1675 டிசம்பர் இறுதியில் இரண்டாம் சார்லசு மன்னர் காப்பிக் கடைகளை மூடுமாறு ஆணை பிறப்பித்தார். பொய்ச் செய்திகள் அங்கிருந்து பரவுகின்றன என்பதே குற்றச்சாட்டு. எதிர்ப்பு பலமாக இருந்ததால், ஆணை நடைமுறைக்கு வரும் முன்பே திரும்பப் பெறப்பட்டது. மன்னரின் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மெய்ச்செய்தியும் அதே வாயிலிலிருந்துதான் வந்தது.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு கூட்டம் அமைந்தது. கப்பல் தலைவர்களும் கடல் காப்பீடு செய்வோரும் எட்வர்டு லாயிட்டின் கடைக்குச் சென்றனர். உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை அங்கிருந்து வளர்ந்ததே. கேரவே கடையில் தேயிலை விற்கப்பட்டது, ஏலங்கள் நடைபெற்றன. ஜோனதன் மைல்சு என்பவர் 1680 அளவில் தொடங்கிய கடைக்குப் பங்குத் தரகர்கள் வந்தனர். 1694இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டது. அரசுக் கடன் பத்திரங்களும் கூட்டுப் பங்கு நிறுவனங்களும் பெருகின. அதுவரை ராயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகர் மாளிகையில் நின்று வணிகம் செய்துவந்த தரகர்கள், 1698 வாக்கில் அங்கிருந்து வெளியேறி எதிரேயிருந்த சந்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடைய கூச்சல் மற்ற வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டில் ஜான் காஸ்டெய்ங் என்னும் தரகர், ஜோனதன் கடையிலிருந்தபடியே வாரம் இருமுறை விலைப்பட்டியலை அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். விலைக்குப் பட்டியல் கிடைத்துவிட்டது. அந்த விலையில் வாங்குபவன் நாளை பணம் கொடுப்பானா என்பதற்குத்தான் பட்டியல் இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் கண்ட காட்சி

இலண்டனுக்கு முன்பே பங்கு வணிகத்தில் தேர்ச்சி பெற்ற நகரம் ஆம்ஸ்டர்டாம். அங்கு வாழ்ந்த யோசேப்பு தெ லா வேகா 1688இல் ஸ்பானிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தத்துவ அறிஞர், ஒரு வணிகர், ஒரு பங்குதாரர் ஆகிய மூவரின் உரையாடலாக அமைந்த அந்நூல், பங்குச்சந்தை குறித்து எழுதப்பட்ட முதல் நூல் எனக் கருதப்படுகிறது. பங்குச்சந்தையைப் பற்றிய முதல் நூலே உரையாடல் வடிவில் அமைந்தது பொருத்தம்தான்.

காப்பிக் கடையின் குளிர்காலச் சூழலை வேகா நேரில் பார்த்தவராக விவரிக்கிறார். கணப்பில் நெருப்பு எரிகிறது. ஒருவர் காப்பி அருந்துகிறார், மற்றொருவர் சாக்லேட் பானம், இன்னொருவர் தேநீர். சிலர் புத்தகம் படிக்கின்றனர், சிலர் பலகை விளையாட்டில் மூழ்கியிருக்கின்றனர், ஏறக்குறைய எல்லாருமே புகைபிடித்துக்கொண்டு கதை பேசுகின்றனர். இவற்றுக்கு இடையேதான் செய்தி கைமாறுகிறது, பேரமும் முடிகிறது. ஓய்வு எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத நிலை அது.

இலண்டனிலும் இப்படியே. அறிவியல் அறிஞர் இராபர்ட்டு ஊக்கு தம் நாட்குறிப்பில் கேரவே, ஜோனதன் கடைகளுக்குச் சென்றதைப் பலமுறை குறித்து வைத்துள்ளார். அவர் பங்கு வாங்கச் செல்லவில்லை. கருவிகள், கட்டடங்கள், புதிய ஆய்வுகள் பற்றி நண்பர்களுடன் பேசச் சென்றார். 1711இல் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழின் முதல் கட்டுரையில், கதைசொல்லி தாம் ஜோனதன் கடையில் தரகர்களுக்கு நடுவே சென்று அமர்வதுண்டு என்கிறார். அவரைத் தரகர் கூட்டத்தில் ஒருவராகவே மற்றவர்கள் எண்ணிக்கொள்கின்றனராம்.

அரட்டையே நீதிமன்றம்

இக்காலத்தில் பங்கு வாங்கியவர் பணம் தராவிட்டால் சட்டம் தலையிடும். எக்ஸ்சேஞ்ச் சந்தில் நிலைமை வேறு. பெரும்பாலான பேரங்கள் வாய்ச்சொல்லால் முடிக்கப்பட்டன. குறித்த நாளில் பங்கைக் கொடுப்பதாகவும் பணத்தைத் தருவதாகவும் இருவர் ஒப்புக்கொள்வர், அவ்வளவுதான். சர் ஜான் பர்னார்டு முன்மொழிந்த 1734ஆம் ஆண்டுச் சட்டம் இதை மேலும் சிக்கலாக்கியது. சூதாட்டம் போன்ற முன்பேர ஒப்பந்தங்கள் செல்லாது என அச்சட்டம் அறிவித்தது. சூதாட்டத்தை ஒழிப்பதே நோக்கம். விளைவு வேறாக அமைந்தது. முன்பேரம் நிற்கவில்லை, ஆனால் ஏமாந்தவர் நீதிமன்றம் செல்ல வழியில்லாமல் போயிற்று.

அப்படியானால் எதை நம்பி இவர்கள் ஆயிரக்கணக்கான பவுன்களுக்குப் பேரம் பேசினர்? ஒருவரைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்வதை நம்பித்தான். இன்னார் புதிதாக வண்டி வாங்கியிருக்கிறார், இன்னார் மூன்று நாளாகக் கடைப் பக்கம் வரவில்லை, இன்னார் மாமனார் சொத்து வழக்கில் சிக்கிக்கொண்டது என்பன போன்ற சொற்கள் வெளியாருக்கு வெறும் வம்பு. எதிரில் அமர்ந்திருக்கும் தரகருக்கோ அவை கடன் மதிப்பீட்டு அறிக்கை. நம் ஊர்க் கடைத்தெருவில் கைமாற்று கொடுப்பவர், கேட்பவரின் குடும்ப நலனை விசாரித்துவிட்டே பணப்பெட்டியைத் திறப்பது இதே முறைதான்.

வாக்குத் தவறியவருக்குச் சந்தில் ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. அவர் 'நொண்டி வாத்து'. கடனைத் தீர்க்க முடியாமல் சந்தை விட்டுத் தள்ளாடி வெளியேறுபவர் என்பது பொருள். விலை ஏறும் என நம்பி வாங்குபவர் 'காளை', இறங்கும் என எதிர்பார்த்து விற்பவர் 'கரடி' என்னும் பெயர்களும் இங்கு வழங்கியவையே. 1761இல் எழுத்தாளர் ஓரேசு வால்போல், காளை, கரடி, நொண்டி வாத்து என்றால் என்னவென்று தெரியுமா எனத் தம் நண்பருக்குக் கடிதத்தில் வேடிக்கையாகக் கேட்டார். அப்போது அவை சந்துக்கு வெளியே புதுமையாக ஒலித்திருக்க வேண்டும். இன்று தமிழ்ச் செய்தித்தாள்களின் வணிகப் பக்கத்தில் காளையும் கரடியும் நாள்தோறும் மோதுகின்றன. வாத்து மட்டும் அரசியலுக்குப் போய்விட்டது.

பேச்சு கெடுத்த குடிகள்

பேச்சை நம்பி நடந்த சந்தையில் பேச்சாலேயே அழிவும் வந்தது. டேனியல் டிஃபோ 1719இல் எழுதிய ஒரு சிறு நூலில் இச்சந்தைக் கடுமையாகச் சாடினார். ஒன்றரை நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்தச் சிறிய இடத்தில் பொய்ச் செய்திகள் உருவாக்கப்பட்டு விலைகள் ஆட்டி வைக்கப்படுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு.

அடுத்த ஆண்டே தென்கடல் கம்பெனியின் பங்கு அவர் கூற்றுக்குச் சான்றாயிற்று. 1720 தொடக்கத்தில் 128 பவுன் அளவில் இருந்த அப்பங்கு, கோடையில் 1,000 பவுனை எட்டியது. செப்டம்பர் இறுதிக்குள் 200க்கும் கீழே விழுந்தது. பணம் இழந்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். அந்த ஆண்டைப் பற்றி ஒரு கதை பலமுறை சொல்லப்படுகிறது. இன்னதென்று சொல்லாத ஒரு தொழிலுக்கு ஒருவர் காலையில் பணம் திரட்டினார், மாலையில் ஊரைவிட்டே ஓடிவிட்டார் என்பது கதை. இதற்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. காப்பிக் கடை வம்பு வரலாற்று நூலுக்குள் ஏறி அமர்ந்ததற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி 1769ஆம் ஆண்டினுடையது. சென்னையில் கோட்டை கட்டி ஆண்டுவந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் எக்ஸ்சேஞ்ச் சந்தில் விற்கப்பட்டுவந்தன. வங்காளத்தின் வருவாய் கம்பெனியின் கைக்கு வந்தபின் அப்பங்குகளின் விலை மிகவும் உயர்ந்திருந்தது. மைசூர் ஐதர் அலியுடன் 1767 முதல் போர் நடந்துவந்தது. 1769 மே மாதம், கருநாடகப் பகுதியில் ஐதர் அலியின் கை ஓங்குகிறது என்னும் செய்தி கப்பல் வழியாக இலண்டனை அடைந்தது. சந்தில் அச்சம் பரவியது. கம்பெனிப் பங்கின் விலை சரிந்தது. கடன் வாங்கிப் பங்கு பிடித்திருந்த பலர் நொடித்தனர். அரசியல் அறிஞர் எட்மண்டு பர்க்கின் தம்பி ரிச்சர்டு, உறவினர் போல அவருடன் நெருங்கிப் பழகிய வில்லியம் பர்க், அவர்களுடைய ஆதரவாளர் வெர்னி பிரபு ஆகியோர் அதில் பெருந்தொகை இழந்தனர்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. இந்தியாவிலிருந்து கப்பல் செல்லப் பல மாதங்கள் ஆகும். மே மாதம் இலண்டனுக்கு வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய ஆண்டின் செய்தி. இதற்கிடையே ஐதர் அலி விரைவாகக் குதிரைப்படையுடன் வந்து, மார்ச் இறுதியில் சென்னையின் வாசலிலேயே நின்றார். ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனி அவருடன் சென்னை உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே தரகர்கள் காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நடுங்கியபோது, அவர்கள் அஞ்சிய போர் முடிந்து ஒரு மாதத்திற்கு மேலாகியிருந்தது. நடந்த போரில் கருநாடகத்து உழவர்கள் இழந்த பயிரும் மாடும் பற்றி அந்த மேசைகளில் எவ்வளவு பேசப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கடையிலிருந்து கட்டடத்திற்கு

யார் வேண்டுமானாலும் வந்து அமரும் கடையில் யாரை நம்புவது என்னும் சிக்கல் தரகர்களை வாட்டியது. ஏறத்தாழ 150 தரகர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஆண்டுக்கு 1,500 பவுன் தருவதாகவும் நாள்தோறும் சில மணி நேரம் ஜோனதன் கடையைத் தங்களுக்கு மட்டும் விடும்படியும் உரிமையாளருடன் ஒப்பந்தம் செய்தனர். வெளியே தள்ளப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். அக்கடை நெடுங்காலமாகப் பொதுச் சந்தையாக இருந்து வருகிறது என்று 1762இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

கடையை மூட முடியாதவர்கள் சொந்த இடம் தேடினர். 1773இல் திரெட்நீடில் தெரு அருகே ஒரு கட்டடம் எடுத்தனர். அதற்கு முதலில் வைத்த பெயர் 'புதிய ஜோனதன்'. விரைவில் அதை மாற்றிப் பங்குச்சந்தை என்று வாசலில் எழுதினர். ஆனால் அங்கும் நாளொன்றுக்கு ஆறு பென்சு கொடுத்தால் எவரும் நுழையலாம். 1801இல்தான் ஆண்டுச் சந்தாவும் உறுப்பினர் தேர்வும் வந்தன. வாக்குத் தவறியவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதிவைக்கும் வழக்கமும் உருவானது. முன்பு மேசைக்கு மேசை காதில் ஓதப்பட்டது, பின்பு சுவரில் எழுதப்பட்டது. 'என் சொல்லே என் பத்திரம்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரை இலண்டன் பங்குச்சந்தை தன் சின்னத்தில் பொறித்துக்கொண்டது.

உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததால் பொய்ப் பேச்சு ஒழிந்துவிடவில்லை. 1814 பிப்ரவரியில் நெப்போலியன் கொல்லப்பட்டார் என்னும் பொய்ச் செய்தியைப் படைவீரர் உடையணிந்த ஒருவர் டோவர் துறைமுகத்திலிருந்து பரப்பினார். அரசுப் பத்திரங்களின் விலை சில மணி நேரம் ஏறி, உண்மை தெரிந்ததும் இறங்கியது. இடையில் விற்றவர்கள் யார் என்று விசாரித்துப் பலர் தண்டிக்கப்பட்டனர்.

எக்ஸ்சேஞ்ச் சந்து இன்றும் உள்ளது. ஜோனதன், கேரவே கடைகள் இருந்த இடங்களில் நினைவுப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. 1986 அக்டோபரில் வணிகம் கணினிக்கு மாறியதும், இலண்டன் பங்குச்சந்தையில் நேருக்கு நேர் நின்று பேரம் பேசும் கூடம் காலியாயிற்று. அதுவரையில் அக்கூடத்தில் சீருடையணிந்து பணியாற்றிய ஏவலர்களைத் தரகர்கள் 'வெயிட்டர்' என்றே அழைத்துவந்தனர்.