மெகாபிட், மெகாபைட், மில்லிகிராம், மில்லிலிட்டர்... காதுக்கு ஒண்ணு, கணக்குக்கு வேற!

'100 எம்பி ஸ்பீடு'னு சொல்லித்தான் வைஃபை கனெக்‌ஷன் கொடுத்தாங்க. டவுன்லோடு போட்டா 12-ஐத் தாண்ட மாட்டேங்குது. 'ஏமாத்திட்டாங்களோ?' என்று கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் ஒரு நிமிஷம்! ஸ்பீடு சரியாகவே இருக்கலாம். குழப்பம் அந்த 'எம்பி'யில் இருக்கலாம். ஒரே மாதிரி ஒலிக்கும் அளவுப் பெயர்கள் இப்படிப் பல இடங்களில் நம்மைக் குழப்பும். சிலதில் காசு போகும், சிலதில் உடம்புக்கே ஆபத்து.

மெகாபிட் - மெகாபைட்

நெட் வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில். ஃபைல் சைஸைச் சொல்வது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே, 100 மெகாபிட் வேகத்தில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன 'பி' என்றால் பிட், கேப்பிட்டல் 'பி' என்றால் பைட்.

கிலோவாட் - கிலோவாட் ஹவர்

கிலோவாட் என்பது ஒரு சாதனம் எவ்வளவு வேகமாக கரன்ட்டை இழுக்கிறது என்பதைச் சொல்லும். மொத்தம் எவ்வளவு செலவானது என்பதைச் சொல்வது கிலோவாட் ஹவர். இ.பி பில்லில் வரும் 1 யூனிட் இதுதான். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் தொடர்ந்து சூடேற்றினால் 1 யூனிட் காலி.

லாரி டன் - ஏ.சி டன்

மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் சுமார் 907 கிலோ. ஏ.சி-யில் சொல்லும் டன் எடையே இல்லை. ஓர் அமெரிக்க டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன் அது. ஆக, '1.5 டன் ஏ.சி-யை சுவர் தாங்குமா?' என்ற கவலை வேண்டாம்!

அவுன்ஸ்... எந்த அவுன்ஸ்?

சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். சர்வதேச தங்க விலையில் வரும் அவுன்ஸ் 31.1 கிராம். 'ஃப்ளூயிட் அவுன்ஸ்' என்றால் அது எடை அல்ல, திரவ அளவு. அமெரிக்கக் கணக்கில் சுமார் 29.6 மில்லிலிட்டர்.

மில்லிகிராம் - மைக்ரோகிராம் - மில்லிலிட்டர்

இங்கேதான் ரொம்ப உஷாரா இருக்கணும். 1,000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம். தைராய்டு குறைபாட்டுக்குக் கொடுக்கும் தைராக்ஸின் மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம்தான். பெயரை மாற்றிப் படித்தால் டோஸ் 1,000 மடங்கு மாறிவிடும். மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்து, கையெழுத்தில் 'எம்' போலத் தெரியும். அதனால்தான் அதைத் தவிர்த்து 'எம்சிஜி' என்று எழுதச் சொல்கிறார்கள்.

மில்லிலிட்டர் என்பது திரவத்தின் அளவு மட்டுமே. அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைச் சொல்வது மில்லிகிராம். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில், 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 'போன தடவை கொடுத்த அதே அளவுதானே' என்று வேறு பாட்டிலில் இருந்து ஊற்றினால், மருந்து இரு மடங்காகிவிடலாம். சொட்டு மருந்து இன்னும் ஸ்ட்ராங்காக இருக்கும்.

எனவே, பாட்டில் மாறினால் லேபிளைப் படியுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம்; மருந்தோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். டாக்டர் போனில் டோஸ் சொன்னால், 'மில்லிகிராமா, மில்லிலிட்டரா டாக்டர்?' என்று கேட்டு, மெசேஜிலும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்க எந்தத் தயக்கமும் வேண்டாம்!