கிடேரிகளில் சினைப்பருவ ஒருங்கிணைப்பு

கிடேரிகளில் சினைப்பருவ ஒருங்கிணைப்பு என்பது இதுவரை கன்று ஈனாத இளம் பசுக்கள் பலவற்றை, ஹார்மோன் எனப்படும் இயக்குநீர்களைக் கொண்டு ஏறத்தாழ ஒரே நாளில் சினைப்பருவத்துக்கு வரச் செய்யும் முறையாகும். இதனால் செயற்கைமுறைக் கருவூட்டலை முன்னரே குறித்த நாளில் செய்ய இயலும்.

கிடேரியின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாட்கள் கொண்டது. அதில் சினை அறிகுறிகள் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரமே தென்படும். இரவில் தோன்றி மறைந்தால் எவரும் கவனிக்காமற் போகலாம். அவ்வாறு தவறினால் மேலும் மூன்று வாரத் தீவனச் செலவு ஏற்படும்.

செயற்படும் விதம்

சினைமுட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறத் திசு உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. இச்சுரப்பு நீடிக்கும்வரை அடுத்த சினைப்பருவம் வருவதில்லை. கிடேரி சினையுறாவிடின், கருப்பை புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபாவைச் சுரந்து அத்திசுவை அழிக்கிறது. இம்மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் அவ்வழிவு முன்கூட்டியே நிகழ்ந்து, பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களில் சினைப்பருவம் தோன்றும். எனினும் சுழற்சியின் முதல் 5 நாட்களில் இத்திசு மருந்துக்கு இணங்குவதில்லை. மந்தையிலுள்ள ஒவ்வொரு கிடேரியும் சுழற்சியின் வெவ்வேறு நாளில் இருக்குமாதலால், 11 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாம் ஊசி போடப்படுகிறது.

பசுவுக்கான முறை கிடேரிக்குப் பொருந்தாமை

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995 ஆம் ஆண்டில் ஓவ்சிங்க் என்னும் முறையை வெளியிட்டனர். இதில் சினைமுட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஊசியும், 7 நாட்களுக்குப் பின் புரோஸ்டாகிளாண்டினும், ஏறத்தாழ இரண்டு நாட்கள் கழித்து மீண்டும் ஜிஎன்ஆர்எச்சும் செலுத்தப்படும். சினை அறிகுறியைப் பாராமலேயே மறுநாள் கருவூட்டப்படும். கறவைப் பசுக்களில் நற்பயன் தந்த இம்முறை கிடேரிகளில் அவ்வளவாகப் பயன் தரவில்லை. கிடேரிகளின் சூலகத்தில் சினைமுட்டைப் பைகள் அலை அலையாக விரைந்து வளர்ந்து மாறுவதால், முதல் ஊசிக்குப் பலவற்றில் சினைமுட்டை வெளியேறுவதில்லை. சில கிடேரிகள் குறித்த நாளுக்கு முன்னரே சினைப்பருவத்துக்கு வந்துவிடுகின்றன. கிடேரியைச் சிறிய பசுவாகக் கருத முடியாது என்பதற்கு இது தக்க சான்று.

இதற்குத் தீர்வாகப் புரோஜெஸ்டிரோன் அடங்கிய, ஆங்கில டி எழுத்து வடிவச் சாதனம் யோனிக்குள் பொருத்தப்படுகிறது. நியூசிலாந்தில் உருவாக்கப்பட்ட சிடர் என்னும் இவ்வகைச் சாதனத்துக்கு அமெரிக்கா 2002 இல் கிடேரிகளுக்காக ஒப்புதல் அளித்தது. 5 நாள் முறையில், இதை ஜிஎன்ஆர்எச் ஊசியுடன் பொருத்தி, ஐந்தாம் நாள் அகற்றிப் புரோஸ்டாகிளாண்டின் செலுத்துவர். 24 மணி நேரத்தில் மீண்டும் ஒருமுறை செலுத்துவதும் உண்டு. சாதனத்தை அகற்றிய 72 மணி நேரத்தில் ஜிஎன்ஆர்எச் செலுத்திக் கருவூட்டுவர். சாதனம் உள்ளிருக்கும்வரை கிடேரி முந்திச் சினைப்பருவத்துக்கு வருவதில்லை.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

இம்மருந்துகள் நாளைத்தான் மாற்றுகின்றன. போதிய வளர்ச்சியில்லாத கிடேரியை இனப்பெருக்கத்துக்குத் தகுதியாக்குவதில்லை. ஹோல்ஸ்டீன் முதலிய இனங்களில், முதிர்ந்த பசுவின் எடையில் 55 முதல் 60 விழுக்காட்டை எட்டியபின், பொதுவாக 13 முதல் 15 மாத வயதில் கருவூட்டுவர்.

ஏற்கெனவே சினையாயுள்ள கிடேரிக்குப் புரோஸ்டாகிளாண்டின் செலுத்தினால் கரு கலைந்துவிடலாம்; எனவே முன்னதாகச் சினைப் பரிசோதனை இன்றியமையாதது. இம்மருந்து மனிதத் தோல் வழியாகவும் உடலில் சேரக்கூடியது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைக் கையாளுதல் ஆபத்தானது. மற்றவர்களும் கையுறை அணிய வேண்டும்.