லூர்க் கிராமம்: இருப்பிடமும் குடித்தொகையும்

மேற்கு ஈரானின் சக்ரோஸ் மலைத்தொடரில் வாழும் மக்கள் லூர்கள்; பாரசீகத்துக்கு நெருங்கிய லூரி மொழியைப் பேசுபவர்கள். அவர்களது சிற்றூர் ஒன்றைப் பற்றி அரசாங்கப் பதிவேடு தருவது மிகச் சுருக்கமான செய்தி: மாகாணம், மாவட்டம், கிராமத் தொகுதி, குடும்பங்கள் இத்தனை, ஆட்கள் இத்தனை. இத்தரவுகள் இயல்பாய் அமைந்தவை போலத் தோன்றினும், இவற்றின் பின்னால் அரசுக்கும் குலக்குழுக்களுக்குமிடையே நிகழ்ந்த நீண்ட போராட்டம் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலில் இருப்பிடத்தை நோக்குவோம். லூர்களுட் பெரும்பாலோர் ஆடு மேய்த்து வாழ்ந்தவர்கள். கோடையில் உயர்மலைப் புல்வெளி, குளிர்காலத்தில் தாழ்நிலம் என அவர்கள் இடம் பெயர்ந்தனர். ஆகவே ஒரு குழுவினர்க்கு ஆண்டொன்றில் இரு இருப்பிடங்கள் இருந்தன. 1920களில் லூரிஸ்தானை இராணுவ பலத்தால் அடக்கிய றேசா ஷாவின் ஆட்சி, தொடர்ந்து அவர்களை வலிந்து குடியமர்த்திற்று. இக்கொள்கை ‘தக்தே காப்பு’ எனப்பட்டது. மரக்கதவு என்பது இதன் பொருள்; கூடாரத்தை விடுத்துக் கதவுள்ள வீட்டில் வாழ்க என்பதே ஆணை. வரி, படைக்கு ஆட்சேர்ப்பு, 1938இல் நிறைவுற்ற புகையிரதப் பாதையின் பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கு நிலையான முகவரி இன்றியமையாததாயிற்று. 1941இல் றேசா ஷா பதவியிழந்ததும் பலர் மீண்டும் கூடாரங்களுக்குத் திரும்பினர்.

குடித்தொகையும் இத்தகையதே. ஈரானின் முதலாவது தேசியக் குடிசன மதிப்பீடு 1956இல் நடைபெற்றது. அதுவும் அடுத்து வந்தவையும் இலையுதிர்காலத்தில் எடுக்கப்பட்டவை. மேய்ப்பர்கள் மலையிலிருந்து இறங்கும் பருவமும் அதுவே. கோடைக்கால ஊரின் தொகை இதனாற் குறைந்து தோன்றுதல் இயல்பு. 1987இல் நாடோடிகளுக்கெனத் தனிக் கணக்கெடுப்பு நிகழ்ந்தபோது, நாடெங்கும் ஏறத்தாழ 11.5 இலட்சம் பேர் கணிக்கப்பெற்றனர்.

எனினும், எண்ணிக்கை சரியாயினும் வர்க்கத்தை அது காட்டாது. லூர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜேக்கப் பிளாக்-மிஷோ, ‘சமத்துவ’க் குலச் சமூகம் என்ற கருத்தை மறுத்து, மந்தையுடைமையிற் காணப்பட்ட ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டினார். 1962இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் பயிரிடும் உரிமை பெற்றிருந்தோர்க்கே நிலம் வழங்கியது. ‘கோஷ்நெஷீன்’ எனப்பட்ட நிலமற்ற கூலிகள் விடுபட்டனர். 1963இல் மேய்ச்சல் நிலங்கள் அரசுடைமையாயின. நிலமும் புல்வெளியும் இல்லாதோர் நகரங்களிலே கூலியுழைப்பை நாடினர்.

இம்மாற்றத்தின் அளவை நாட்டின் புள்ளிகள் உணர்த்துவன. 1956இல் ஈரானியருள் ஏறத்தாழ 69 வீதத்தினர் கிராமவாசிகள். 2016இல் அது 26 வீதமாகக் குறைந்தது. இன்று சில குடும்பங்களே எஞ்சிய ஊர்களுக்குப் பதிவேடு பெயரை மட்டும் தந்து, தொகையை வெளியிடாது விடுகிறது. மக்களை ஓரிடத்தில் நிறுத்தி எண்ண முற்பட்ட அரசின் ஏட்டில், எண்ணற்ற பெயர்களாக அவ்வூர்கள் நிற்கின்றன. அவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்கே எத்தனைபேர் வாழ்ந்தனர் என்பதோடு, நிலமும் மந்தையும் எவரிடம் இருந்தன என்பதையும் வினவுதல் வேண்டும்.