பழைய வன்தட்டு திறக்கவில்லையா? லினக்ஸில் அனுமதிச் சிக்கல் இருக்கும் இடம்

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை வெளிக்கொண்டுவந்தவை ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு கோப்பின் பெறுமதியை எங்கள் மாவட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்து மனுக்களும் பெயர்ப் பட்டியல்களும் பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கரிலும் பழைய விண்டோஸ் தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியை, நான் பயன்படுத்துகிறேன். அதன் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டால் பழைய வைரஸ்கள் வெளியே பரவும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால், தட்டின் பிரதியைக் கொடுத்து இயக்கும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வரலாம். தட்டுப் பழுது என்று பதறவேண்டாம்.

உபுண்டுவில் மெய்நிகர் கணினியை இயக்குவது உங்கள் கணக்கு அல்ல. லிப்வர்ட்-கியூஇஎம்யு என்ற தனிக் கணக்கு. கோப்புக்கு அனுமதி இருந்தாலும், அதற்குப் போகும் பாதையில் ஒரு கோப்புறை மூடியிருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். படலை பூட்டியிருக்க வீட்டுக் கதவு திறந்திருந்து என்ன பயன்? உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறை பிற கணக்குகளுக்கு மூடப்பட்டே இருக்கிறது. யூஎஸ்பியில் செருகும் வன்தட்டும் மீடியா கோப்புறைக்குள் உங்களுக்கு மட்டுமே திறக்கும்.

நேம்ஐ கட்டளைக்கு -எல் சேர்த்து முழுப் பாதையையும் கொடுத்தால், எந்தப் படியில் தடை என்று வரிசையாகக் காட்டும். எளிய தீர்வு, பிரதியை வார் / லிப் / லிப்வர்ட் / இமேஜஸ் கோப்புறைக்கு நகலெடுப்பது. ஹோமிலேயே வைக்கவேண்டுமானால், செட்எஃப்ஏசிஎல் மூலம் அந்த ஒரு கணக்குக்கு மட்டும், கோப்புறையைக் கடந்து செல்லும் அனுமதியைக் கொடுங்கள்.

யூரியூப்பில் பலர் சொல்வது, எல்லாவற்றுக்கும் சிஎச்மோட் 777 போடு என்பது. வேலை நடக்கும்தான். ஆனால் அந்தக் கணினியில் உள்ள எந்தக் கணக்கும் சாட்சிகளின் பெயர்களைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். உபுண்டுவின் ஆப்ஆர்மரையும் ஃபெடோராவின் எஸ்ஈலினக்ஸையும் முற்றாக நிறுத்தச் சொல்வதும் இதே ரகம். மெய்நிகர் கணினிக்கும் உங்கள் கணினிக்கும் இடையிலான வேலி அவைதான்.

இன்னொன்று. இயக்கியதும் பிரதிக் கோப்பின் உரிமையாளர் பெயரை லிப்வர்ட் தன் கணக்குக்கு மாற்றிவிடும். ஆவணத்தைப் பின்னர் எங்காவது சமர்ப்பிக்க நேரலாம். ஆகவே இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை மட்டும் மெய்நிகர் கணினிக்குக் கொடுங்கள். அசல் தட்டைக் கழற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.