பழைய கணினியும் புதிய வன்தட்டும்: ஓசூர் – கெலவரப்பள்ளி தொழில் வட்டாரத்திலிருந்து கொள்ளளவு வரம்புகளின் வரலாறு

சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க காலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூர். 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. அவற்றுக்கு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பேட்டையைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களிலும் முளைத்தன. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணை நிற்பதும் இந்த வட்டாரத்தில்தான்.

கணினியின் வயதுக்கும் எந்திரத்தின் வயதுக்கும் இங்கே பெரிய இடைவெளி உண்டு. நல்ல சிஎன்சி கடைசல் எந்திரம் பராமரித்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். அதற்கு ஆர்எஸ்-232 கம்பி வழியாக நிரல் அனுப்பும் மேசைக் கணினியோ, எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் கணினியோ ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். அதன் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுபோகும். 4 ஜிபி தட்டு இப்போது எந்தக் கடையில் புதிதாகக் கிடைக்கும்? சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேரம் பேசி, கிடைத்த பெரிய தட்டை வாங்கி வந்து மாட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும்: கணினி அதைக் கண்டுகொள்ளாது, 8 ஜிபி என்று மட்டும் காட்டும், அல்லது திரை அப்படியே உறைந்து நிற்கும்.

இந்த மூன்றும் தட்டின் கோளாறுகள் என்று பலர் நினைத்து, தட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தட்டில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. 1981 முதல் 2010 வரை கணினித் துறை செய்துகொண்ட சில சிக்கன முடிவுகளின் மிச்சம் அது. அந்த முடிவுகள் வந்த வரிசையைப் பார்ப்பதும், ஒவ்வொன்றின் செலவையும் யார் தலையில் கட்டினார்கள் என்று பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். இந்த வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக 504 எம்பி, 8.4 ஜிபி, 137 ஜிபி என்று எண்களை வரிசைப்படுத்திவிட்டு நின்றுவிடுகிறார்கள். எண்ணைவிட, சுமை கைமாறிய விதமே பட்டறைக்காரருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

ஒரு பதிவேட்டில் இரண்டு கணக்கு

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் வன்தட்டே கிடையாது. 1983இல் வந்த பிசி எக்ஸ்டியில் 10 எம்பி தட்டும், 1984இல் வந்த ஏடியில் 20 எம்பி தட்டும் இருந்தன. தட்டில் ஓரிடத்தைக் குறிக்க மூன்று எண்கள் தேவைப்பட்டன: எந்த உருளை, எந்தத் தலை, எந்தப் பிரிவு. ஒரு பிரிவு 512 பைட். நிரல் இந்த மூன்றையும் கணினியின் அடிப்படை நிரலான பயாஸிடம் கொடுத்து 'இன்ட் 13' என்ற சேவையை அழைக்கும். பயாஸ் தட்டை இயக்கும்.

அந்தச் சேவையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். செயலியின் சிஎக்ஸ் என்ற 16 பிட் பதிவேட்டின் மேல் பாதியில் உருளை எண்ணின் 8 பிட்கள் அமர்ந்தன. கீழ்ப் பாதியில் பிரிவு எண் இருந்தது. பிரிவு எண்ணுக்கு 8 பிட் முழுவதும் வேண்டாம் என்று கருதி, மேலே இருந்த 2 பிட்களைப் பிடுங்கி உருளைக்குக் கொடுத்தார்கள். ஆகவே உருளை 10 பிட், அதாவது 1,024. பிரிவு 6 பிட், அதாவது 63. தலைக்குத் தனியாக 8 பிட், அதாவது 256. மூன்றையும் பெருக்கினால் 845 கோடி பைட் வரும். 10 எம்பி காலத்தில் அது எட்டாத உயரம். இன்று பழைய பெட்டியில் 8.4 ஜிபி என்று நாம் காணும் எண்ணின் பிறப்பிடம் இதுதான்.

தட்டின் பக்கம் வேறொரு கணக்கு ஓடியது. ஐடிஇ என்று கடைகளில் சொல்லப்படும் ஏடிஏ இணைப்பை 1986 வாக்கில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலான நிறுவனங்கள் உருவாக்கின. அது ஏடி கணினியின் தட்டுக் கட்டுப்பாட்டு அட்டையின் பதிவேடுகளை அப்படியே பின்பற்றியது. உருளைக்கு 16 பிட், தலைக்கு வெறும் 4 பிட், பிரிவுக்கு 8 பிட். தனியாகப் பார்த்தால் இதுவும் தாராளமான ஏற்பாடுதான். பயாஸுக்குத் தலையில் தாராளம், உருளையில் கஞ்சத்தனம், தட்டுக்கு நேர்மாறு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எது சிறியதோ அதுவே செல்லும்: 1,024 உருளை, 16 தலை, 63 பிரிவு. பெருக்கினால் 52.8 கோடி பைட், அதாவது 504 எம்பி. இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் சேர்ந்து ஒரு சிறிய வரம்பைப் பெற்றன.

கெலவரப்பள்ளி அணையின் முழு உயரம் 44.28 அடி. அளவுகோல் பலகையில் 20 அடி வரைதான் எண் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணை நிரம்பி வழிந்தாலும் ஏட்டில் 20 அடிதான் ஏறும். 1994 வாக்கில் 540 எம்பி தட்டு வாங்கி 486 கணினியில் மாட்டியவர்கள் கண்டது இதைத்தான்.

சுமை கைமாறிய கதை

முதலில் செலவு பயன்படுத்துபவர் தலையில் விழுந்தது. ஏடி காலத்துப் பயாஸில் தட்டு வகைகளின் பட்டியல் ஒன்று பொறித்திருக்கும். நம் தட்டு அதில் இல்லையென்றால் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து மிச்சத்தை இழக்க வேண்டும். பின்னாளில் உருளை, தலை, பிரிவு எண்களை நாமே தட்டச்சு செய்யும் வசதி வந்தது. தட்டின் மேல் ஒட்டிய தாளிலிருந்து எண்களைக் குறித்துக்கொண்டு, நீலத் திரையில் ஒவ்வொன்றாக ஏற்றிய தலைமுறை இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. டாஸ் வேறு தன் பங்குக்கு இடைஞ்சல் செய்தது: 3.3 பதிப்பு வரை ஒரு பார்ட்டிஷன் 32 எம்பியைத் தாண்டக்கூடாது. அது தளர்ந்த பிறகும் ஃபேட்16 அமைப்பில் 2 ஜிபிதான் எல்லை. 1996இல் விண்டோஸ் 95இன் இரண்டாம் வெளியீட்டோடு ஃபேட்32 வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்து தட்டு உற்பத்தியாளர்கள் சுமையை ஏற்றார்கள். விற்க வேண்டியது அவர்கள்தானே. ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர், ஈசி-டிரைவ் போன்ற மென்பொருள்களைப் பிளாப்பியில் சேர்த்துக் கொடுத்தார்கள். இவை தட்டின் முதல் பிரிவில் உட்கார்ந்து, கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஏறி, பயாஸின் தட்டுச் சேவையைத் தம் வசம் எடுத்துக்கொள்ளும். தந்திரம் வேலை செய்தது. ஆனால் வைரஸ் புகுந்தாலோ, யாரோ விவரம் தெரியாமல் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' கட்டளை கொடுத்தாலோ அந்த முதல் பிரிவு அழியும்; அதோடு தட்டிலிருந்த எல்லாமே அழிந்ததுபோலத் தோன்றும். அந்தத் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் பார்ப்பதும் சிக்கல்தான். இன்றும் பழைய எந்திரத்திலிருந்து எடுத்த தட்டு புதுக் கணினியில் வெறுமையாகத் தெரிந்தால், அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்குமுன் இந்தச் சாத்தியத்தையும் பார்க்க வேண்டும்.

பயாஸ்காரர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று மொழிபெயர்ப்பு: உருளையைப் பாதியாக்கி, தலையை இரட்டிப்பாக்கி, இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் பொய்க்கணக்கு ஒன்றைச் சொல்வது. செட்டப் திரையில் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று தேர்வுகள் இருப்பது இதற்காகத்தான். ஒரு தேர்வில் எழுதிய தட்டை மற்றொன்றில் படிக்க முயன்றால் கோப்புகள் குழம்பும். மற்றொரு வழி, மூன்று எண்களையும் கைவிட்டு, முதல் பிரிவுக்கு 0, அடுத்ததற்கு 1 என்று வரிசை எண் போடுவது; எல்பிஏ என்பது இதுதான். 1990களின் நடுவில் வந்த இன்ட் 13 விரிவாக்கம் இதற்கு வழி செய்தது, 8.4 ஜிபி தடை அதோடு உடைந்தது. எல்லாருக்கும் உடனே உடையவில்லை. விண்டோஸ் என்டி 4இல் தொடக்கப் பார்ட்டிஷன் முதல் 7.8 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்ற விதி நீடித்தது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் அந்த என்டி 4 இன்றும் ஓடுகிறது. லினக்ஸில் லிலோ என்ற தொடக்கி 1,024ஆம் உருளைக்கு அப்பால் இருந்த கெர்னலை எடுக்க முடியாமல் தவித்தது. ஆகவே சிறிய தொடக்கப் பார்ட்டிஷனைத் தட்டின் தலைப்பகுதியில் வைக்கும் வழக்கம் பிறந்தது. கெர்னல் ஒருமுறை ஏறிவிட்டால் லினக்ஸ் பயாஸைக் கேட்பதே இல்லை. தட்டிடம் நேராகப் பேசி முழு அளவையும் அறிந்துகொள்ளும். பின்னாளில் மற்ற இயங்குதளங்கள் போன பாதையும் இதுதான்.

இடையில் வந்த 33.8 ஜிபி தடையைச் சும்மா தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் திரை உறைந்து நிற்கும் காட்சி பெரும்பாலும் இதன் வேலை. 1999இன் நடுப்பகுதிக்கு முந்தைய சில அவார்டு பயாஸ்கள், தட்டின் அளவை உருளைக் கணக்குக்கு மாற்றும்போது 65,535 உருளைக்குமேல் போனால் திணறி நின்றுவிடும். 'பிரைமரி மாஸ்டர்' என்ற வரியோடு திரை நிற்கும். செட்டப்புக்குள்கூடப் போக முடியாது. உற்பத்தியாளர்கள் இதற்குத் தட்டின் பின்பக்கம், கேபிளுக்கும் மின்செருகிக்கும் இடையில் இருக்கும் ஊசிகளில் வழி வைத்தார்கள். அங்கே கறுப்பு நிற ஜம்பர் ஒன்றைக் கூடுதலாகச் செருகினால், 80 ஜிபி தட்டு தன்னை 33.8 ஜிபி என்று குறைத்துச் சொல்லும். தாளில் அச்சிட்ட படத்தைப் பார்த்து, சாமணத்தால் பிடுங்கிச் செருகும் வேலை அது. உண்மையைச் சொன்னால் கணினி நின்றுவிடும் என்பதால் தட்டையே பொய் சொல்ல வைத்தார்கள்.

137 ஜிபி: அமைதியாக அழிக்கும் தடை

மற்ற தடைகள் இடத்தைக் குறைத்தன, அல்லது கணினியை நிறுத்தின. 137 ஜிபி தடை தரவையே அழித்தது. ஏடிஏவின் 16, 4, 8 பிட்களைக் கூட்டினால் 28 வரும். வரிசை எண் முறைக்கு மாறியபோதும் அதே 28 பிட் இடத்தையே பயன்படுத்தினார்கள். 28 பிட்டில் 26,84,35,456 பிரிவுகள். 13,743 கோடி பைட். 2001இல் மேக்ஸ்டர் நிறுவனம் 160 ஜிபி தட்டு கொண்டுவந்தபோது இந்தச் சுவர் தெரிந்தது. தீர்வு எளிமையானது, அழகானதும்கூட: அதே பதிவேடுகளில் இரண்டு முறை எழுதுவது. முதல் முறை மேல் பாதி, இரண்டாம் முறை கீழ்ப் பாதி. முகவரி 48 பிட் ஆயிற்று. கம்பியோ செருகியோ மாற வேண்டியதில்லை. ஏடிஏ-6 தரம் இதை ஏற்றது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2002இல் முதல் சர்வீஸ் பேக்கில் வந்தது. விண்டோஸ் 2000க்கு மூன்றாம் சர்வீஸ் பேக்கோடு ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவையும் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆபத்து எங்கே இருந்தது? பயாஸ் 160 ஜிபி என்று சரியாகச் சொல்லி, இயங்குதளத்தின் டிரைவர் மட்டும் 28 பிட்டிலேயே நின்றுவிட்டால், முதல் 137 ஜிபி நிறையும்வரை எதுவும் தெரியாது. அதற்கு அடுத்த பிரிவு 26,84,35,456. 28 பிட்டில் அதை எழுதினால் மேல் பிட் உதிர்ந்து 0 ஆகும். 0ஆம் பிரிவில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. எழுதிய கோப்பு தட்டின் தலைமேல் ஏறி உட்காரும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி ஒருநாள் காலையில் எழும்பாமல் போகும்.

கடைசித் தடையான 2.2 டிபி, 1983இல் டாஸ் 2.0 காலத்தில் பிறந்த பார்ட்டிஷன் அட்டவணையால் வந்தது. அதில் பிரிவு எண்ணுக்கு 32 பிட்தான். 2010 வாக்கில் 3 டிபி தட்டு வந்தபோது எக்ஸ்பி கணினிகள் அதை 746 ஜிபி என்று காட்டின. இரண்டு டிபிக்கு மேலிருந்த மிச்சம்தான் அந்த 746. ஜிபிடி அட்டவணையும் யுஇஎஃப்ஐயும் வந்து பழைய பயாஸையே ஓய்வுக்கு அனுப்பின.

பட்டறையில் இன்று

ஆக, முதலில் பயனர், பிறகு தட்டு உற்பத்தியாளர், பிறகு பயாஸும் இயங்குதளமும் என்று சுமை நகர்ந்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் அது முடிந்த கதை. எந்திரம் கணினியைவிடச் சுமார் நான்கு மடங்கு வாழும் ஓசூர் போன்ற ஊர்களில் முடியவில்லை. சுமை மறுபடி பயனர் தலைக்கே வந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பயாஸ்களுக்குப் புதுப்பிப்பு கொடுப்பவர் இப்போது யாரும் இல்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. பிசிஐ துளை இருந்தால், பிராமிஸ் போன்ற நிறுவனங்களின் பழைய ஐடிஇ அட்டைகள் தம் சொந்தப் பயாஸோடு வரும். ஐஎஸ்ஏ துளை மட்டும் இருக்கும் பெட்டியில், எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற திறமூல நிரலை ஒரு ஈப்ராமில் எரித்து, பழைய நெட்வொர்க் அட்டையில் காலியாக இருக்கும் ரோம் செருகியில் பொருத்தலாம். கணினி தொடங்கும்போது பயாஸ் நினைவகத்தில் 55 ஏஏ என்ற அடையாளத்தைத் தேடிக்கொண்டு போகும். கிடைத்த இடத்தில் அந்த நிரலை ஓட்டும். 286 காலத்துப் பெட்டியும் இப்படிப் பெரிய தட்டைப் பார்த்துவிடும்.

ஆனால் பார்க்க வேண்டுமா? கடைசல் நிரல் ஒன்று சில நூறு கிலோபைட்டுக்கு மேல் போவது அரிது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 500 ஜிபி முழுவதும் தெரிவதால் ஒரு பயனும் இல்லை. ஒரே அளவாக, நம்பகமாகத் தெரிவதுதான் தேவை. ஆகவே இங்கே முழுக் கொள்ளளவைத் தேடுவதைவிடக் கொள்ளளவைக் குறைப்பதே சரி. தட்டு தன் அளவைக் குறைத்துச் சொல்லும்படி செய்யும் கட்டளை ஏடிஏ தரத்திலேயே இருக்கிறது. லினக்ஸில் எச்டிபார்ம் மூலம் அதைக் கொடுக்கலாம். அல்லது 4 ஜிபி, 8 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை ஐடிஇ மாற்றியில் செருகலாம். நிலையான தட்டு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வகை அட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதிர்வும் உலோகத் தூசியும் உள்ள கடைசல் கூடத்தில் சுழலாத அட்டை நீடிக்கவும் செய்யும்.

பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்திரத்தின் பழைய தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முழு நகலை, முதல் பிரிவு உட்பட, எடுத்து வையுங்கள். பயாஸ் திரையில் தெரியும் தேதியையும், உருளை, தலை, பிரிவு எண்களையும், நார்மலா எல்பிஏவா என்பதையும் ஒரு தாளில் எழுதி எந்திரக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பேட்டரி தீர்ந்து செட்டப் அழிந்துபோகும் நாளில் அந்தத் தாள் இல்லாமல் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய எந்தத் தட்டும் உதவாது.