இரவல் ஓடுதளம், சொந்தத் தடம்: தமிழ்நாட்டு மோட்டார் பந்தயக் களங்களின் வரலாறு

முன்னுரை

தமிழ்நாட்டு மோட்டார் பந்தய வரலாறு பெரும்பாலும் ஓட்டுநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவையில் வளர்ந்தவர். 2010இல் அடுத்து இறங்கிய கருண் சந்தோக் சென்னைக்காரர். இருவரும் ஒரே மாநிலத்திலிருந்து எழுந்ததற்குத் தனித்திறமை மட்டும் காரணமாகாது. அவர்கள் ஓட்டிப் பழகத் தடம் இருந்தது. அந்தத் தடம் யாருடைய நிலத்தில் இருந்தது என்ற கேள்வியை முன்வைத்து, சோழவரம் தொடங்கி இன்று வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் வழியே தாமிரபரணிக் கரையின் நிலையையும் நோக்குகிறது.

போர் விட்டுச்சென்ற நிலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகெங்கும் விமான ஓடுதளங்கள் வெறுமனே கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1948இல் பந்தயக் களமானது. அமெரிக்காவின் செப்ரிங்கில் 1950இல் பந்தயம் தொடங்கியது. அதே 1950இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில், நேர்கோட்டில் கால் மைல் தூரம் இருவர் இருவராகப் பாயும் டிராக் ரேஸ் முறையாக நடத்தப்பட்டது. பொதுச்சாலையில் இளைஞர்கள் போட்டி போட்டு உயிரிழப்பதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்த ஓடுதளத்துக்கும் இதே கதைதான்.

அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் நீள்வட்டத் தடம் வேறு மரபில் வந்தது. அங்கே ஊர்ச் சந்தைத் திடல்களில் இருந்த குதிரைப் பந்தய வட்டங்களிலேயே கார்களும் ஓடத் தொடங்கின. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடல் இருந்தும் மோட்டார் பந்தயம் அங்கே வேர்விடவில்லை. அது தேடிப் போனது ஓடுதளத்தை.

சோழவரம்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி இருந்தது போர்க்காலத்துச் சோழவரம் ஓடுதளம். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. கருணின் தாத்தா இந்து சந்தோக் அதன் நிறுவனர்களுள் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியப் பந்தய நாட்காட்டியில் சோழவரம் தலையாய இடம் வகித்தது. பல நகரங்களிலிருந்தும் கார்களும் பைக்குகளும் அங்கே வந்து குவிந்தன. தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரை ஓட்டியதும் இங்கேதான்.

ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தின் தன்மையை அந்த நிலமே தீர்மானித்துவிடும். விமானம் இறங்கப் போட்ட கான்கிரீட் பாளம் நேராகவும் மட்டமாகவும் இருக்கும். நீள்வட்டத் தடத்தில் வளைவின் வெளிப்புறம் உயர்ந்து சக்கரத்தைத் தாங்கும்; இங்கே அது கிடையாது. கார் நேர்ப்பகுதியில் முழு வேகத்தில் போய், வளைவுக்கு முன் சட்டென்று பிரேக் பிடித்து, ஏறக்குறைய நின்று திரும்ப வேண்டும். ஆகவே எஞ்சினின் இழுவையும் பிரேக்கின் உறுதியுமே வெற்றியைப் பெரிதும் முடிவுசெய்யும். மெக்கானிக்கின் கைத்திறனுக்கு இது நேரடிச் சோதனை. 1982இல் தொடங்கிய டி.வி.எஸ். பந்தய அணியும், சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமும், கோவையின் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதனும் இந்தக் காலத்திலேயே பந்தயத்தில் தடம் பதித்தார்கள்.

ஆனால் அது இரவல் நிலம். ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் கிடைக்கும் இடத்தில் திருவிழா நடத்தலாம். பயிற்சிப் பள்ளி நடத்த முடியாது. நிலையான பாதுகாப்பு வேலியோ மருத்துவ மையமோ எழுப்பவும் வழியில்லை.

சொந்த மண்

இந்தக் குறையை உணர்ந்த கிளப், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கித் தடம் அமைத்தது. 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. ஒரு மன்றமே சொந்தமாக வைத்து நடத்தும் பந்தயத்தடம் உலகிலேயே அரிது.

விளைவு விரைவில் தெரிந்தது. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு கரிவரதன் 1988இல் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' என்னும் விலை குறைந்த பந்தயக் கார், ஆண்டு முழுவதும் ஓட ஓர் இடம் கிடைத்தது. நரேன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது இங்கேதான், அந்த வகைக் காரில்தான். தேசிய டிராக் ரேஸ் போட்டிகளுக்கும் இந்தத் தடத்தின் நேர்ப்பகுதி களமாயிற்று. 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கி, கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தடமும் பின்னர் எழுந்தது.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையில் ஃபார்முலா 4 பந்தயம் இரவில் நடந்தது. கூட்டத்தை ஈர்ப்பதில் அது வெற்றிதான். ஆனால் பந்தயம் முடிந்ததும் சாலை போக்குவரத்துக்குத் திரும்பியாக வேண்டும். அடுத்த தலைமுறை ஓட்டுநர் அங்கே பழக முடியாது.

தாமிரபரணிக் கரையிலிருந்து

தாமிரபரணிக் கரை ஊரான ஆழ்வார்திருநகரியை உள்ளடக்கிய தூத்துக்குடி மாவட்டத்தில் பந்தய மரபு வலுவாகவே இருக்கிறது. அதன் வாகனம் மாட்டு வண்டி. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போக வர இத்தனை மைல் என்று எல்லை வைத்துப் பொதுச்சாலையில் வண்டிகளை விடுகிறார்கள். சாலையோரம் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கும் பாய்ந்து வரும் மாடுகளுக்கும் நடுவே தடுப்பு என்று ஒன்றும் இருப்பதில்லை. இதுவும் இரவல் களம்தான்.

இதே மாவட்டத்தில், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. சோழவரத்துக்கும் கயத்தாற்றுக்கும் பிறப்பு ஒன்றே, வாழ்வு வேறு. சோழவரத்துக்கு அருகே பெருநகரமும், மோட்டார் தொழிற்கூடங்களும், உரிமை கேட்டு நின்ற ஒரு கிளப்பும் இருந்தன; கயத்தாற்றுக்கு அவை வாய்க்கவில்லை. ஓடுதளம் மட்டும் இருந்துவிட்டால் பந்தயத்தடம் உருவாகிவிடாது என்பதற்கு இந்த ஒப்பீடே சான்று.

முடிவுரை

இந்த வரலாற்றில் திருப்புமுனை 1990. அதற்குமுன் பந்தயம் ஆண்டு விழாவாக இருந்தது. அதன்பின் அது கற்றுத்தரக்கூடிய கலையானது. வேக ஆசை தென்மாவட்ட இளைஞர்களுக்கும் உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கு இன்று கிடைப்பது நெடுஞ்சாலைதான். அங்கே நேரும் சாவுகளைக் காவல்துறைக் கெடுபிடியால் மட்டும் தடுத்துவிட முடியாது. வேலியும் ஆம்புலன்சும் பயிற்சியாளரும் உள்ள ஒரு கால் மைல் நேர்த்தடம், பெரிய பந்தய வளாகத்தைவிட மிகக் குறைந்த செலவில் அமையக்கூடியது. அதை அமைக்க விரும்புவோர் சோழவரத்திலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு: முதலில் ஒரு மன்றம் திரள வேண்டும், அந்த மன்றத்தின் பெயரில் நிலம் இருக்க வேண்டும்.